சாயம் வெளுத்த பிறகு

சாயத்தண்ணியைக் கிருமி விட்டுச் சுத்தம் செய்வது நேற்று வந்த விஞ்ஞானம், அதுவும் கோர்ட் பிடித்துத் தள்ளியதால் வந்தது என்று நம் ஊர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. திருப்பூருக்கு அது கோர்ட் தள்ளித்தான் வந்தது. ஆனால் சாயத்துக்கும் கிருமிக்கும் உள்ள உறவு, பனியன் கம்பெனிகளைவிட, சாயப்பட்டறைகளைவிட மிகப் பழையது. சாய லேபில் பாதி ஆயுசும், கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் சம்பளம் வாங்கியவன் என்ற உரிமையில் அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். நடுவில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும். பயப்பட வேண்டாம், பழைய எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு போதும்.

முதலில் அவுரி. பார்ப்பதற்குக் கொழிஞ்சி மாதிரி இருக்கும் செடி. இலையில் நீலமே தெரியாது. இலையைத் தொட்டியில் ஊறப் போட்டுப் புளிக்க விட்டு, அந்தத் தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் நின்று அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் காற்று கலந்து நீலம் பிறக்கும், அடியில் படியும். வடிகட்டிக் கட்டியாக்கிக் காய வைத்தால் வியாபாரச் சரக்கு. சென்னை மாகாணத்தில் தென்னார்க்காடும் கடப்பையும் இதற்குப் பேர் போன சீமைகள்.

ஆனால் அந்த நீலக்கட்டியை வைத்துக்கொண்டு நேராகத் துணிக்குச் சாயம் போட முடியாது. அது தண்ணீரில் கரையாது. அதனால் நம் சாயக்காரர்கள் சாடியில் நீலத்தைப் போட்டு, சுண்ணாம்புத் தெளிவு விட்டு, வேகவைத்த தகரை விதையைச் சேர்த்து மூடி வைப்பார்கள். சில நாளில் சாடி பக்குவமாகும். உள்ளே நீலத்தைக் காணோம், மஞ்சளும் பச்சையுமாக ஒரு நீர், மேலே செம்புத் தகடு போல ஓர் ஏடு. நூலை முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். வாசனையை வைத்தே சாடியின் உடம்பு சரியாக இருக்கிறதா என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள்.

சாடிக்குள் நடந்தது இதுதான்: தகரை விதையைத் தின்று பெருகிய பாக்டீரியா, காற்றில்லாத இடத்தில், நீலத்தின் நிறத்தைப் பிடுங்கிவிட்டது. நிறம் போன நீலம் சுண்ணாம்புத் தண்ணீரில் கரையும், நூலுக்குள் இறங்கும். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அதைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரி வியாபாரம் கண்முன்னே சரிந்தது. அதைத் தொடர்ந்து ஹைட்ரோ என்று நாம் சொல்லும் ஹைட்ரோசல்பைட் தூள் வந்தது. சாடிப் பாக்டீரியா சில நாள் செய்ததை அது சில நிமிஷத்தில் செய்தது. பாக்டீரியாவுக்கு வேலை போயிற்று. மறுபடி அது சாயத்தொழிலுக்கு வந்தபோது சாடியில் இடமில்லை. சாக்கடையில்தான் வேலை கிடைத்தது.

செயற்கைச் சாயத்தின் கதை நிறையப் பேருக்குத் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்துக் கொய்னா மருந்து செய்யப் பார்த்தான். கிடைத்தது ஊதா நிறச் சாயம். இரண்டு வருஷம் கழித்துப் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த ஒரு வினைதான் நம் கதைக்கு முக்கியம். அதிலிருந்து வந்தவை அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றை ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வளைய மூலக்கூறு தொங்கும். அந்தப் பிடிக்கு அசோ பிணைப்பு என்று பெயர். கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்கு அதுதான் காரணம். பிடியை விட்டால் நிறம் போய்விடும். இன்றைக்கு உலகத்தில் துணிக்குப் போடும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்த ஜாதிதான்.

பருத்திக்கு இந்தச் சாயங்கள் லேசில் ஒட்டவில்லை. 1884-இல் வந்த காங்கோ ரெட் நேராகப் பருத்தியில் ஏறியது, ஆனால் துவைக்கத் துவைக்கப் போய்க்கொண்டே இருந்தது. சிவப்பு வேட்டித் துண்டோடு வெள்ளைச் சட்டையை ஊறப் போட்டு வீட்டில் வசவு வாங்கியவர்களுக்கு அந்த ரகம் தெரியும். 1954-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் ராட்டி, ஸ்டீபன் என்ற இருவர் பருத்தி நாரோடு ரசாயனப் பிணைப்பே போட்டுக்கொள்ளும் ரியாக்டிவ் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருஷத்தில், பெர்க்கினுடைய சாயத்துக்கு நூறு வயசானபோது, புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. திருப்பூர் பனியன் உலகமெல்லாம் போனதற்கு இந்தச் சாயம் ஒரு பெரிய காரணம்.

இதில் இரண்டு வினைகள் ஒளிந்திருந்தன. ரியாக்டிவ் சாயம் துணியோடு கைகோர்க்க வந்த இடத்தில் தண்ணீரோடும் கைகோர்த்துவிடும். அப்படிப் போனது துணியில் ஏறாது. சாயத்தைப் பொறுத்து 10 முதல் 40 சதவீதம் வரை இப்படி வடிநீரோடு போகும். இரண்டாவது, தண்ணீரை விட்டுவிட்டுத் துணிப் பக்கம் போ என்று சாயத்தைத் தள்ளுவதற்கு உப்புப் போட வேண்டும். கறியுப்போ, கிளாபர்ஸ் சால்ட்டோ, லிட்டருக்கு 40 கிராமிலிருந்து 100 கிராம் வரை. அந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. போட்டதெல்லாம் வடிநீரில்தான். இந்த உப்பை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதை முடியும்வரை கூடவே வரும்.

இப்போது ஒரு மருந்துக் கதை. சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், ஆனால் இதைச் சொல்லாமல் சாயக்கழிவைப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

எழுபது தாண்டியவர்களுக்கு சல்ஃபா மாத்திரை ஞாபகம் இருக்கும். பெனிசிலின் பரவுவதற்கு முன்னால் சீழ்ப்புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் அதுதான் தெய்வம். அது வந்தது சாயக் கம்பெனியிலிருந்து. பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் டோமாக் என்ற டாக்டர் சாயங்களை ஒவ்வொன்றாக எலிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1932-இல் செங்கல் சிவப்பான ஓர் அசோ சாயம், சாகவேண்டிய எலிகளைப் பிழைக்க வைத்தது. புரோன்டோசில் என்று பெயரிட்டார்கள். சொந்த மகளுக்கே ஊசி குத்திய கை புரையோடியபோது அதைக் கொடுத்துக் காப்பாற்றினார் மனுஷன். 1939-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள், ஹிட்லரின் அரசாங்கம் வாங்க விடவில்லை. போர் முடிந்து 1947-இல்தான் பதக்கம் கைக்கு வந்தது.

அந்த மருந்தில் ஒரு புதிர் இருந்தது. எலியின் உடம்புக்குள் கிருமியைக் கொன்ற அதே புரோன்டோசில், கண்ணாடிக் குழாயில் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. 1935-இல் பாரீஸ் பாஸ்டர் நிலையத்தில் முடிச்சு அவிழ்ந்தது. உடம்புக்குள் போனதும் அசோ பிணைப்பு அறுந்து, சாயம் இரண்டு துண்டாகிவிடுகிறது. அதில் நிறமே இல்லாத ஒரு துண்டு, சல்ஃபனிலமைட், அதுதான் மருந்து. சிவப்பெல்லாம் சும்மா சட்டைதான். அந்தத் துண்டை 1908-லேயே வியன்னாவில் ஒரு மாணவர் தயாரித்து வைத்திருந்தார், அதனால் யாரும் உரிமை கொண்டாட முடியாமல் மலிவாக உலகமெங்கும் போயிற்று. பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் அந்தப் பிணைப்பை அறுப்பதில் பெரும்பங்கு குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு என்று காட்டின. குடலிலும் காற்றுக் கிடையாது, நீலச்சாடி மாதிரியே.

ஆக, காற்றில்லாத இடத்தில் பாக்டீரியா அசோ சாயத்தை அறுக்கும், நிறம் போகும், ஆனால் துண்டுகள் இருக்கும். டோமாக்கின் அதிர்ஷ்டம், அவருடைய துண்டு மருந்தாக இருந்தது. எல்லாத் துண்டும் அப்படியில்லை. அமீன் ஜாதியைச் சேர்ந்த இந்தத் துண்டுகளில் பென்சிடின் போன்றவை மூத்திரப்பையில் புற்றுநோய் வரவழைப்பவை. 1895-லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்கு அந்த இடத்தில் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னார். காங்கோ ரெட் அறுந்தால் கிடைப்பது பென்சிடின்தான்.

1994-இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது திருப்பூரே கலங்கியது நினைவிருக்கும். ஷிப்மென்டுக்கு ஷிப்மென்ட் அசோ இல்லை என்று சர்டிபிகேட் கேட்டார்கள். அந்தச் சட்டத்தைக் கூர்ந்து படித்தால் ஒரு விஷயம் தெரியும். அதில் கணக்கு, சாயம் என்ன என்பதில் இல்லை, அது அறுந்தால் என்ன அமீன் வெளியே வரும் என்பதில் இருந்தது. நிறம் போன பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்டு எழுதிய சட்டம் அது. பனியனைப் போடுகிறவனின் தோலுக்காகக் கேட்ட அந்தக் கேள்வியை, பனியனைத் துவைத்த தண்ணீர் போகும் ஆற்றங்கரைக்காரனுக்காக அப்போது யாரும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இன்றும் உறுத்துவது இது.

கழிவுநீரைக் கிருமியால் சுத்தம் செய்யும் முறை வெள்ளைக்காரர்கள் ஊர்ச் சாக்கடைக்காகக் கண்டுபிடித்தது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதி, அடியில் படியும் சேற்றைத் தூக்கி எறியாமல் மறுபடி மறுபடி அதே தொட்டியில் சேர்த்தார்கள். அந்தச் சேறு உயிருள்ளது, கோடிக்கணக்கான பாக்டீரியா. சேறு முதிர முதிரச் சுத்தம் வேகமாக நடந்தது. இன்று உலகத்தில் பெரிய ஊர்களின் சாக்கடை நிலையங்களில் பெரும்பாலும் இதே முறைதான்.

மனிதக் கழிவு பாக்டீரியாவுக்கு விருந்து. சாயம் அப்படியில்லை. வெயிலுக்கும் சோப்புக்கும் போகக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்த பொருளைக் கிருமி மட்டும் எப்படி உடனே தின்னும்? அதோடு காற்று ஊதும் தொட்டியில் அசோ பிணைப்பு லேசில் அறுவதில்லை, ஆக்சிஜன் குறுக்கே நிற்கும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 18 அசோ சாயங்களை இந்த முறையில் விட்டுப் பார்த்து 1991-இல் முடிவு வெளியிட்டார்கள். 11 சாயங்கள் போன மாதிரியே வெளியே வந்தன. 4 சேற்றில் ஒட்டிக்கொண்டன. மூன்றுதான் உண்மையில் சிதைந்தன. அப்புறம்தான் இரண்டு கட்ட முறைக்கு மதிப்பு வந்தது: முதலில் காற்றில்லாத தொட்டி, அங்கே பிணைப்பு அறும், நிறம் போகும். பிறகு காற்றுத் தொட்டி, அங்கே வேறு பாக்டீரியா அமீன் துண்டுகளைத் தின்னும். எல்லா அமீனையும் தின்னாது, சல்போனிக் வால் முளைத்த சிலவற்றைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இன்னொரு ஆளும் உண்டு, காளான். செத்த மரத்தை வெள்ளையாக உளுத்துப்போக வைக்கும் பூஞ்சை ஒன்று, ஃபனரோகீட் என்று பெயர். மரத்தின் கெட்டியான லிக்னினை உடைக்க அது சுரக்கும் நொதியை 1983-இல் அடையாளம் கண்டார்கள். லிக்னினை உடைப்பது சாயத்தையும் உடைக்கும் என்று அதே சமயத்தில் தெரிந்தது. காற்றோடு வேலை செய்யும், அமீன் வம்பு குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதற்குப் புளிப்பான தண்ணீர் வேண்டும், பட்டறைத் தண்ணீரோ காரம். நாள் கணக்கில் மெதுவாக வளரும், அதற்குள் தொட்டியைப் பாக்டீரியா ஆக்கிரமித்துவிடும். பல லட்சம் லிட்டர் தொட்டிக்கு அது சம்சாரியாகவில்லை.

எங்கள் லேபுக்கு வருஷா வருஷம் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி மாணவர்கள் வருவார்கள். சாயக்கால்வாய் ஓர மண்ணை டப்பாவில் அள்ளிப் போவார்கள். பாசில்லஸ், சூடோமோனாஸ் என்று ஏதாவது கிடைக்கும். ஆறு மாதம் கழித்துப் புராஜெக்ட் புத்தகத்தைக் காட்ட வருவார்கள். அட்டைக்கு அடுத்த பக்கத்தில் இரண்டு கோனிகல் ஃபிளாஸ்க் படம், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் தெளிவு. தொண்ணூற்றைந்து சதவீதம் நிறம் நீங்கியது என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தெளிந்த ஃபிளாஸ்க்கில் என்ன இருக்கிறது என்ற அத்தியாயம் பெரும்பாலும் இருக்காது. நான் அவர்களுக்கு ஒரு வித்தை காட்டுவேன். ரியாக்டிவ் பிளாக் 5 என்று கறுப்புச் சாயம், நம் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகப் போனது. அதைக் காற்றில்லாமல் பாக்டீரியாவிடம் விட்டால் வெளுத்துவிடும். அந்த வெளுத்த தண்ணீரை மூடியில்லாத பீக்கரில் ஊற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போகலாம் வாங்க என்று கூட்டிப் போவேன். திரும்பி வந்து நேரம் ஆக ஆகப் பார்த்தால் தண்ணீர் மறுபடி நிறம் கட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு திரும்பவில்லை, அறுந்த துண்டு காற்றோடு சேர்ந்து தனக்கென்று ஒரு புது நிறத்தை உண்டாக்கிக்கொள்கிறது. துண்டு எங்கேயும் போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி நம் ஊர். எண்பதுகளில் ஏற்றுமதி ஏற ஏற, நொய்யல் ஓரத்திலும் ஜம்மனை ஓடை ஓரத்திலும் பட்டறைகள் முளைத்தன. விஞ்ச் மெஷின்தான் அப்போது. ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டர் தண்ணீர் சாதாரணம். ஆற்றின் நிறத்தைப் பார்த்து இந்த சீசனில் வெள்ளைக்காரன் என்ன கலர் போடுகிறான் என்று சொல்லலாம் என்று வேடிக்கை பேசுவோம். பேரூர்ப் புராணக்காரர் காஞ்சிமாநதி என்று பாடிய ஆறு அது.

தொண்ணூறுகளில் வாரியம் நெருக்கியதும் சுத்திகரிப்பு என்று வந்தது சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும். சாயத்தண்ணியில் இரண்டையும் கொட்டிக் கலக்கினால் சாயம் திரிந்து அடியில் படியும். மேலே ஓரளவு தெளிந்த தண்ணீர், கீழே மலை மலையாக ஸ்லட்ஜ். கண்ணுக்கு நல்ல மாற்றம். ஆனால் கரைந்த உப்பு அப்படியே இருந்தது, போட்ட ரசாயனத்தின் பங்கும் அதில் சேர்ந்தது. சாயத்தண்ணி வெளியே விட வாரியம் வைத்த வரம்பு, கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அந்த எண்ணைத் தொடுவதற்கு அந்த முறையில் வழியே கிடையாது.

கீழே, சென்னிமலைக்குப் பக்கத்தில், ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடித்திருந்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் காடுகளுக்குப் பாசனம் தர வந்த அணை, திருப்பூரின் வடிநீரைத் தேக்கும் குட்டையாகிவிட்டது. அணை கட்டக் கேட்ட விவசாயிகளே, தண்ணீரைத் தேக்காதே என்று கேட்க வேண்டி வந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் அணைக்குக் கீழேயிருந்து ஒரு பெரியவர் எங்கள் லேபுக்கு வந்தார். பையில் இரண்டு பாட்டில். "ஏனுங் தம்பி, இது எங்க கெணத்துத் தண்ணிங்க. கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. ஆனாத் தென்னை மட்டை மட்டையாக் காயுதுங்க. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். முதலாளி இல்லாத நேரம். மீட்டரை முக்கினேன். கிணற்றுத் தண்ணீர் அது, ஆனால் பட்டறைக் கழிவுக்கு வைத்த 2,100-ஐயே தாண்டி எண் ஓடியது.

"உப்புங்க ஐயா" என்றேன்.

"சாயத்த எடுத்துட்டுத்தான் உடறாங்கன்னு சொன்னாங்களே?"

"சாயம் எடுக்கறாங்க. உப்ப எடுக்கலீங்க."

அவர் ஒரு பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "கலராவே வந்திருந்தாக் கெணத்துல உடாமயாச்சும் இருந்திருப்பேனுங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். நான் ஒரு காகிதத்தில் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தேன். கம்பெனி பெயர் போட்ட காகிதமல்ல.

நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் விடவில்லை. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கெடு மேல் கெடு. கடைசியில் 2011 ஜனவரி 28-ஆம் தேதி, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வரும்வரை அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கொதிகலன் சத்தம் இல்லாத திருப்பூரை அப்போதுதான் கேட்டோம். துணி சாயத்துக்கு லாரியேறி வெளியூர் போயிற்று. வேலையாட்கள் பெட்டி கட்டினார்கள். அந்த மாதங்களில் யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் பேச்சு வந்தால் கை கலக்கும். என்னைக் கேட்டால், ஆயக்கட்டுக்காரர்கள் பதினைந்து வருஷமாகச் சொன்னதைத் திருப்பூர் பதினைந்து வருஷமாகக் கேட்காததன் மொத்தக் கணக்குதான் அந்த உத்தரவு. சம்பளம் நின்றவர்களில் நானும் ஒருவன், அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த ஊரில் பாக்டீரியாவுக்கு மரியாதை வந்தது. வந்த வழி வேடிக்கையானது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும். விலை அதிகம். சாயமும் மாவும் எண்ணெயும் கலந்த தண்ணீரை நேராக விட்டால் சவ்வு அடைத்துப் போகும். சுண்ணாம்பு-பெரஸ் போட்டாலும் மிச்சம் இருந்து அடைக்கும். ஆகவே சவ்வைக் காப்பாற்ற முன்வாசலில் ஒரு காவல்காரன் தேவைப்பட்டான், அவன்தான் பாக்டீரியா. ஆற்றின் மேல் இருந்த அக்கறையைவிடச் சவ்வின் மேல் இருந்த அக்கறைதான் பெரிய பெரிய ஏரேஷன் தொட்டிகளைக் கட்ட வைத்தது. எப்படியோ வந்து சேர்ந்தது.

தொட்டி கிளப்புவது கலியாண வேலை மாதிரி. வண்டி வண்டியாகப் பசுஞ்சாணி, ஏதாவது சாக்கடை நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் உயிருள்ள சேறு, இரண்டையும் தொட்டியில் விட்டுக் காற்று ஊத வேண்டும். பட்டறைத் தண்ணீரை எடுத்த எடுப்பில் விடக்கூடாது. அது காரத்தில் பத்து, பதினொன்று நிற்கும், சூடாக வரும், வெள்ளைப்படுத்தப் போட்ட பெராக்சைடு மிச்சம் இருக்கும். மூன்றுமே பாக்டீரியாவுக்கு எமன். ஆசிட் விட்டுக் காரத்தை எட்டுக்குள் இறக்கி, ஆற வைத்து, முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் கூட்டி என்று வாரக்கணக்கில் பழக்க வேண்டும். உப்புக்கும் அப்படித்தான் பழகும். உப்பைத் தின்னாது, உப்பில் வாழக் கற்றுக்கொள்ளும். சாணியில் வந்த எல்லாமும் பிழைப்பதில்லை, தாக்குப்பிடித்த ஜாதி பெருகும்.

தினமும் காலையில் ஒரு லிட்டர் சிலிண்டரில் தொட்டித் தண்ணீரை எடுத்து அரைமணி நேரம் வைத்துப் பார்ப்போம். சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது, மேலே தண்ணீர் எப்படி இருக்கிறது, மழை பெய்த மண் வாசனையா, அழுகல் வாசனையா. நீலச்சாடியை மோந்து பார்த்த சாயக்காரன் வேலைதான் இதுவும். மீட்டர்கள் இருந்தன, ஆனால் மூக்கு முந்திக்கொள்ளும். கறுப்பு, சிவப்பு ஓடும் நாளில் தொட்டி சமாளிக்கும். சேற்றுக் கட்டிகளின் உள்வயிற்றுக்குக் காற்றுப் போகாது, அங்கே அசோ அறுந்துகொண்டிருக்கும், வெளித்தோலில் துண்டுகள் கரைந்துகொண்டிருக்கும். ஒரே தொட்டிக்குள் இரண்டு கட்டமும் ஓரளவு நடந்துவிடும். டர்க்காய்ஸ் ஓடும் நாள்தான் வயிற்றைக் கலக்கும். அது அசோ ஜாதியே இல்லை, செம்பு வைத்துக் கட்டிய மூலக்கூறு. பாக்டீரியா அதைத் தின்னாது, சேற்றில் ஒட்ட வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சேறெல்லாம் பச்சை-நீலமாகி, மிச்சம் தண்ணீரோடு போகும். பட்டறைக்காரர்களுக்குப் போன் போட்டு, அண்ணா, டர்க்காய்ஸை ரெண்டு நாளாப் பிரிச்சு ஓட்டுங்க என்று கெஞ்சிய நாட்கள் உண்டு.

பாக்டீரியா தாண்டிய தண்ணீர் வடிகட்டிகள் வழியாக ஆர்.ஓ.வுக்குப் போகும். நல்ல தண்ணீர் குழாயில் பட்டறைகளுக்கே திரும்பும். மிச்சமிருக்கும் உப்புக் கரைசலைச் சுத்தப்படுத்திச் சில நிலையங்களில் சாயம் போட அப்படியே திருப்பிக் கொடுக்கிறார்கள், அருள்புரத்தில் அது நன்றாக நடந்தது. மற்றதை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து உப்பாக எடுக்க வேண்டும். அதற்கான விறகும் கரண்டும்தான் சாயக் கூலியை ஏற்றிவிட்ட செலவு.

தீபாவளிக்குப் பட்டறைகள் பத்து நாள் வரை மூடும். ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள். தொட்டியில் இருப்பவற்றுக்கு லீவு கிடையாது, சாயத்தண்ணி வராவிட்டால் பட்டினி. அதனால் ஷிப்டுக்கு ஒருவர் இருந்து சாணிக் கரைசலும் வெல்லப்பாகுமாக ஊற்றி, காற்று நிற்காமல் பார்த்துக்கொள்வோம். பலகாரம் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் வரும். 2020 ஊரடங்கில் ஊரே நின்றபோதும் இப்படித்தான் தொட்டிகளுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள் என்று இப்போது அங்கே இருக்கும் பையன்கள் சொன்னார்கள்.

எவாப்பரேட்டரில் கடைசியாக வரும் உப்பு சுத்தமானதல்ல. கறியுப்பு, கிளாபர்ஸ், இன்னும் என்னென்னவோ கலந்து, சாயத்தின் கறை ஏறிப் பழுப்பாக இருக்கும். சாயம் போட லாயக்கில்லை, மண்ணில் கொட்டக்கூடாது, எந்தப் பாக்டீரியாவும் திரும்பிப் பார்க்காது. நான் ரிட்டயர் ஆன மாதம் எங்கள் நிலையத்தின் பின்பக்கக் கொட்டகையில் அந்த மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன, தார்ப்பாய் போட்டு மூடி, மழைத்தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் வரப்புக் கட்டியிருந்தார்கள். அடுத்த கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.